சங்கிலியை இழுப்பவர் எங்கே நிற்கிறார்?

தலவாக்கலையில் பிரதான வீதியை விட்டுப் பிரிந்து, லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக ஏறும் பாதை டயகமவோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் தேயிலை மலையும், மலையைத் தாண்டினால் ஹோட்டன் சமவெளியின் காடும்தான். இப்படியொரு மூலையில், ஸ்டோர் என்று தோட்டத்தில் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் றோலர் ஒன்று நின்றுபோனால் கொழும்பிலிருந்து கிரேன் வராது. வந்தாலும் ஸ்டோரின் வாசலுக்குள் நுழையாது. ஆனால் கொழுந்து வந்துகொண்டே இருக்கும். மேல் மாடியில் வாட்டப் போட்ட கொழுந்து, றோலர் திருத்தி முடியும்வரை காத்திருக்காது. அளவுக்கு மீறி வாடினால் தரம் போய்விடும். வாடாததை அரைத்தாலும் தரம் போய்விடும். எனவே றோலரின் தாங்கி தேய்ந்தாலோ, கிராங் முறிந்தாலோ, அந்தக் கனமான இரும்பைத் தாமதமின்றிக் கழற்றி, உயர்த்தி, நகர்த்தி, திருத்தி, மறுபடி அதே இடத்தில் இறக்கியாக வேண்டும். இந்தச் சுமையை எதைக்கொண்டு நகர்த்துவது என்ற கேள்விக்கு மலையகத்து ஸ்டோர்களில் இன்னும் யோசித்துச் சொல்லப்பட்ட பதில் இல்லை. கைக்கு அகப்பட்டதே பதிலாக இருக்கிறது.

கைக்கு அகப்படுவது மூன்று வகை. ஆட்களின் தோளும் மூங்கிலும் கயிறும் ஒன்று. பீமின் அடிவிளிம்பில் உருளும், கையால் தள்ளும் சாதாரண ட்ரொலி இன்னொன்று. வசதியுள்ள இடத்தில் மின்சார ஹொயிஸ்ட் மூன்றாவது. இவற்றுக்கு நடுவே, கடைக்காரர்கள் கியர் ட்ரொலி என்று விற்கும் ஒன்று இருக்கிறது. அதுவும் பீமின் அடிவிளிம்பில்தான் உருளும். ஆனால் பக்கத்தில் ஒரு சக்கரமும், அதிலிருந்து தரையருகே வரை தொங்கும் ஒரு கைச்சங்கிலியும் உண்டு. சங்கிலியை ஒரு பக்கம் இழுத்தால் ட்ரொலி முன்னே போகும், மறுபக்கம் இழுத்தால் பின்னே வரும். தோட்டத்து ஸ்டோரில் தொன் கணக்கான சுமையைத் தலைக்கு மேல் நகர்த்த இதுவே பொருத்தமானது என்பது இந்தக் கட்டுரையின் வாதம். விலையையும் தொன் அளவையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது, சுமை அசையும் அந்த நிமிஷத்தில் மனிதர் எங்கே நிற்கிறார் என்பது.

மலையகத்தின் பாரம் தூக்கும் சரித்திரம் மனிதத் தோளில் தொடங்கியது. தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் கோப்பி மூட்டைகளைத் தலையிலும் தோளிலும் சுமந்த காலத்தில் ரயில் கிடையாது. கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். நானுஓயாவுக்கு ரயில் ஏறியது 1885இல். அதற்குள் தேயிலை அரைக்கும் இயந்திரங்கள் உருவாகிவிட்டன. அஸாமில் வில்லியம் ஜாக்ஸன் 1870களில் வடிவமைத்த றோலர்களை இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோவில் மார்ஷல் நிறுவனம் செய்து அனுப்பியது. சாமுவேல் டேவிட்ஸனின் சிறொக்கோ உலர்த்திகள் பெல்பாஸ்ட்டிலிருந்து வந்தன. ஹட்டனிலேயே 1875இல் பிரவுண் கம்பனி தோட்டங்களுக்கான பொறியியல் வேலைகளைத் தொடங்கியது. சங்கிலிக் கப்பியும் இதே தலைமுறையைச் சேர்ந்ததுதான். தோமஸ் வெஸ்டனின் வித்தியாசக் கப்பியை 1860களில் பர்மிங்ஹாமின் டாங்கி சகோதரர்கள் செய்து விற்றார்கள். ஒரே மனிதன் ஒரு தொன்னைத் தரையிலிருந்து எழுப்பலாம், கையை விட்டாலும் சுமை கீழே ஓடாது என்பதுதான் அதன் சிறப்பு. ஆக றோலரும் அதைத் தூக்கும் கருவியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. றோலர் ஸ்டோருக்குள் வந்துவிட்டது; அதைத் தூக்கும் கருவி எல்லா ஸ்டோருக்கும் வந்து சேரவில்லை. தோள் மலிவாகக் கிடைத்தது அதற்கு ஒரு காரணம்.

சாதாரணத் தள்ளு ட்ரொலியில் என்ன குறை? ஐந்நூறு கிலோவுக்கு ஒரு குறையும் இல்லை. சுமை ஏற ஏறத்தான் அதன் குணம் மாறுகிறது. 1500 கிலோ எடையுள்ள ஒரு பாகம் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரமும் பீமும் சுத்தமாக இருந்தால், அதை நகர்த்த எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது 30 கிலோ அளவுக்குத் தள்ளுவிசை வேண்டும். பீமில் துருப்பிடித்து, சக்கரத்தில் கிறீஸ் காய்ந்திருந்தால் அது நூற்றுக்கு ஐந்து பங்காகி 75 கிலோவைத் தொட்டுவிடும். அந்த விசையைக் கொடுப்பது எங்கே? ட்ரொலி கைக்கெட்டாத உயரத்தில் இருக்கிறது. கைக்கு எட்டுவது சுமைதான். எனவே சுமையைத் தள்ளுகிறார்கள். இரண்டு மீட்டர் சங்கிலியில் தொங்கும் சுமை முதலில் ஐந்து, பத்து சென்றிமீட்டர் சாயும்; ட்ரொலி அசையாமல் அடம்பிடிக்கும்; திடீரென்று விட்டுக்கொடுத்து ஓடும். ஓடிய ட்ரொலி சுமையை முந்தும், சுமை பின்னால் ஆடும். இதை நிறுத்த இன்னொருவர் எதிர்ப்பக்கம் நின்று நெஞ்சாலும் கையாலும் தாங்குவார். ஒன்றரைத் தொன் இரும்புக்கும் சுவருக்கும் நடுவில் அப்போது நிற்பவர் அவர்தான். அவரை அங்கே நிறுத்தியது அவருடைய கவனக்குறைவு அல்ல. கருவி அப்படி, அதை இயக்க வேறு இடத்தில் நிற்க முடியாது.

கியர் ட்ரொலி விசையை அது சேர வேண்டிய இடத்துக்கே, சக்கரத்துக்கே, கொண்டுபோய்க் கொடுக்கிறது. கைச்சங்கிலி மேலே உள்ள பெரிய சக்கரத்தைச் சுற்ற, அதன் தண்டிலுள்ள சிறு பற்சக்கரம், விளிம்பில் பல் வெட்டிய ட்ரொலிச் சக்கரங்களைத் திருப்புகிறது. மாதிரிக்கு மாதிரி மாறினாலும், ஒரு மீட்டர் சங்கிலி இழுத்தால் ட்ரொலி சுமார் ஒரு சாண் நகரும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 30 கிலோ விசை வேண்டிய இடத்தில், உராய்வையும் சேர்த்து, எட்டுப் பத்துக் கிலோ இழுவை போதும். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற பலம் அது. அதைவிட முக்கியமானது நகர்வின் தன்மை. ட்ரொலி மெதுவாகக் கிளம்புவதால் சுமை ஆடுவதில்லை. இழுப்பதை நிறுத்தினால், மட்டமான பீமில், சில அங்குலத்துக்குள் நின்றுவிடும். றோலரின் மேசைக்கு மேலே, கொழுந்தை அடக்கிச் சுழலும் ஜக்கட்டைப் பழையபடி இறக்கும்போது இந்தக் குணத்தின் அருமை தெரியும். மூன்று கிராங்குகளின் முனைகளும் அவற்றுக்குரிய மூன்று தாங்கிகளுக்கு நேரே வந்து நிற்க வேண்டும்; விரற்கடை பிசகினால் புதிதாகப் போட்ட தாங்கியின் விளிம்பு நசுங்கிவிடும். சங்கிலியில் இரண்டு கண்ணி இழுத்து, பார்த்து, ஒரு கண்ணி திருப்பி இழுத்து நேராக்கலாம். தள்ளு ட்ரொலியில் அதே வேலையை ஆறு பேர் சத்தம் போட்டுக்கொண்டு, கடப்பாரையால் நெம்பிச் செய்கிறார்கள். சங்கிலி இழுப்பவரோ சுமைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. இரண்டு எட்டுத் தள்ளி, வழியை முழுவதும் பார்த்தபடி நிற்கலாம்.

அப்படியானால் மின்சாரத்தில் ஓடுவதை வாங்கிவிடலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மின்சார ஹொயிஸ்டில் பட்டனைப் பிடித்துக்கொண்டு இன்னும் தள்ளியே நிற்கலாம், உடம்பு நோகாது. ஆனால் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். ஒன்றரைத் தொன் சுமையை அரை மீட்டர் உயர்த்த, ட்ரொலியில் தொங்கும் சங்கிலிக் கப்பியான இரண்டு தொன் செயின் புளொக்கில் முப்பத்தைந்து, நாற்பது மீட்டர் கைச்சங்கிலி இழுக்க வேண்டும். பத்து மீட்டர் தூரம் நகர்த்த இன்னும் ஐம்பது மீட்டர். இறக்குவதற்கு மறுபடி ஒரு நாற்பது. நிதானமாக இழுத்தாலும், நடுவில் மூச்சு வாங்கினாலும், கால் மணி நேர வேலை. றோலரைக் கழற்றித் தாங்கி மாற்றிப் பூட்டும் முழு வேலையோ ஒரு நாளோ இரண்டு நாளோ பிடிக்கும். அந்த இரண்டு நாளில் பத்து நிமிஷத்தை மிச்சப்படுத்துவதற்காக மூன்று பேஸ் வயரும், பீமோடு ஓடும் கேபிளும், கன்ட்ரோல் பெட்டியும் ஈரக்காற்றில் வருஷம் முழுக்கத் தொங்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள் ஓடி, இருபத்தொன்பது நாள் ஈரத்தில் சும்மா கிடக்கும் மின்கருவி, தேவைப்படும் நாளில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதன் கொன்டக்டர் எரிந்தால் உதிரிப்பாகமும் ஆளும் கொழும்பிலிருந்து வர வேண்டும்.

2022இன் பொருளாதார நெருக்கடியை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். மார்ச் கடைசியில் நாடு ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டுக்குப் போனது. டீசலுக்கு வரிசை நின்றதால் ஜெனரேட்டரையும் நம்ப முடியவில்லை. அந்நியச் செலாவணி இல்லாததால் உதிரிப்பாகங்கள் துறைமுகத்தைத் தாண்டவில்லை. றோலரும் உலர்த்தியும் கரண்ட் இல்லாமல் ஓடாது என்பது உண்மை. ஆனால் ஓட முடியாத அந்த மணித்தியாலங்கள்தான் திருத்த வேலைக்குக் கிடைக்கும் நேரம். கரண்ட் இல்லாத நேரத்தில் திருத்த, கரண்டில் இயங்கும் தூக்கு கருவி உதவாது. கைச்சங்கிலி உதவும். இதே காரணத்துக்காகத்தான் மலையகத்துச் சிறு நீர்மின் நிலையங்களில், ஒரு காலத்தில் கெண்டலின் கில்க்ஸ் டர்பைன்கள் ஓடிய அறைகளில், இயந்திரத்துக்கு மேலே ஒரு பீமும் கையால் இயங்கும் தூக்கு கருவியும் இருப்பது அறிவுள்ள ஏற்பாடு. கரண்ட் உற்பத்தியாகும் இடத்திலேயே, இயந்திரம் பழுதானால் கரண்ட் இருக்காது.

ஆனால் எல்லா இடத்துக்கும் இதையே சொல்ல முடியாது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சீடீசீ முறையில் அரைக்கும் தொழிற்சாலைகளில், அஸாமிலும் நீலகிரியிலும் அதிகம் காணப்படுகிறவற்றில், பல் வெட்டிய உருளைகளை அடிக்கடி கழற்றிக் கூர்தீட்ட வேண்டும். தூக்குவது அன்றாட வேலையாகிவிட்ட இடத்தில் மின்சார ஹொயிஸ்டுக்குக் கொடுக்கும் பணம் வீண் அல்ல. மறுபுறம், கொழுந்து மூட்டையைத் தொங்கவிட்டு வாட்டும் மாடிக்குக் கொண்டுபோகும் ஒற்றைத் தண்டவாளங்களில் சுமை சிறியது. அங்கே கியர் எதற்கு? உருளும் சக்கரம் போதும். இலங்கையின் உயர்நிலத் தேயிலை பெரும்பாலும் பழைய ஓர்தொடொக்ஸ் முறையிலேயே ஆகிறது. அங்கே றோலர்தான் பிரதானம், அதன் பாரம் பெரிது, தூக்கும் நாட்கள் குறைவு. பாரம் பெரிதும் தடவைகள் குறைவுமான இந்த இடைவெளிதான் கியர் ட்ரொலியின் சொந்த இடம்.

ஆட்களைக் கொண்டே இவ்வளவு காலமும் தூக்கினோமே என்ற பேச்சு இன்னொன்று. தோட்டத்தில் இது அனுபவத்தின் குரலாக வரும். அதை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஒரு மோட்டரை மூங்கிலில் கட்டி மாடிப்படி ஏற்றும் கூட்டத்தில், கால் வைக்கும் தாளம் வரை பழகிய திறமை இருக்கிறது. ஆனால் கணக்கு அவர்களுக்கு எதிராக இருக்கிறது. சர்வதேசத் தொழில் அமைப்பு 1967இல் வெளியிட்ட பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் உச்ச எடையை 55 கிலோ என்று வைத்தது. பன்னிரண்டு பேர் 600 கிலோவைத் தூக்கினால் தலைக்கு 50 கிலோதானே என்று தோன்றும். படியில் ஏறும்போது கீழ்ப்படியில் நிற்பவர்கள் மேல் பாரம் சரியும். ஒருவர் கால் வழுக்கினால் அவருடைய பங்கு பக்கத்திலிருப்பவர் முதுகில் ஒரே நொடியில் விழும். பாரத்தைச் சமமாகப் பங்கிடுவது தாளில் மட்டுமே நடக்கும். அதோடு, அந்தப் பன்னிரண்டு பேர் இப்போது எங்கே? பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட லயங்களில் ஸ்டோர் வேலைக்கு மிஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தொட்டவர்கள். 2021இல் போராடித்தான் ஆயிரம் ரூபாயைத் தொட்ட நாட்சம்பளத்தில் வாழும் ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால், அந்த மாதம் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆட்கள் மலிவு என்ற கணக்கில் இந்த இடுப்பு ஒருபோதும் சேர்க்கப்படவில்லை.

சரி, கியர் ட்ரொலி என்று முடிவாகிவிட்டது, எதை வாங்குவது? இங்கேதான் பலரும் கடையில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது பீமில். பழைய ஸ்டோர்களின் பீம்கள் பிரித்தானியர் காலத்து உருட்டு இரும்பு. அவற்றின் அடிவிளிம்பு உள்ளே தடித்து ஓரத்தில் மெலிந்து, சாய்வாக இருக்கும். இன்று வரும் பீம்கள் பலவற்றின் விளிம்பு ஒரே தடிப்பாக, தட்டையாக இருக்கும். சாய்வு விளிம்புக்கென்று சரித்துக் கடைந்த சக்கரம், தட்டை விளிம்பில் ஒரு ஓரத்தில் மட்டும் பதிந்து ஓடும். தட்டைச் சக்கரம் சாய்வு விளிம்பில் வழுக்கி வெளியே தள்ளும். இரண்டிலும் பாரம் ஒரு கோட்டில் குவிந்து விளிம்பைத் தின்னும். எனவே விளிம்பின் அகலம், தடிப்பு, சாய்வு மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். பிறகு மட்டம். மலைச்சரிவில் மண் வெட்டிக் கட்டிய கட்டடங்கள் காலப்போக்கில் ஒரு பக்கம் இறங்கும். பீம் சாய்ந்திருந்தால், கியர் ட்ரொலிக்குப் பெரும்பாலும் பிரேக் கிடையாது என்பதால், சுமை தானாகவே தாழ்ந்த பக்கம் போகப் பார்க்கும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் மட்டமே இதைக் கண்டுபிடிக்கப் போதும்.

பீம் எவ்வளவு தாங்கும் என்பது இன்னும் பெரிய கேள்வி. நடுவில் ஒரு சுமை தொங்கும்போது, இரண்டு தூணுக்கு நடுவிலான தூரம் இரட்டித்தால் பீமின் தொய்வு இரண்டு மடங்காகாது, எட்டு மடங்காகும். மூன்று மீட்டரில் கல்லாக நின்ற பீம் ஆறு மீட்டரில் கண்ணுக்குத் தெரியத் தொய்யும். தொய்ந்த பீமில் ட்ரொலி நடுவுக்கு இறங்கி, மறுபக்கம் ஏற மறுக்கும். ஸ்டோரின் பீம் கூரையையும் மேல் தளத்தையும் தாங்கவென்று போடப்பட்டதா, சுமை தூக்கவென்று போடப்பட்டதா என்பதைப் பொறியியலாளர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மேல் மாடியில் ஈரக் கொழுந்து பரப்பிய பாரம் ஏற்கெனவே அந்தப் பீமில் இருக்கலாம். மரச்சட்டத்திலும் கூரை ட்ரஸ்ஸிலும் ஒருபோதும் செயின் புளொக் மாட்டக் கூடாது. கட்டடம் தாங்காது என்று தெரிந்தால், தரையில் கால் ஊன்றி நிற்கும் இரும்புச் சட்டம் ஒன்றைச் செய்து, அதன் குறுக்கு பீமில் ட்ரொலியைப் போடலாம். பழைய ஸ்டோர்களில் பலவற்றுக்கு இதுவே உகந்த வழி என்று நினைக்கிறேன். அதைக் கழற்றி அடுத்த றோலருக்குக் கொண்டுபோகலாம். கூரையின் வயதைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம்.

ட்ரொலியின் தொன் அளவைச் சுமைக்குச் சரியாக வாங்காமல் ஒரு படி மேலே வாங்க வேண்டும். ஒன்றரைத் தொன்னுக்கு இரண்டு. ஆனால் இரண்டு தொன் ட்ரொலி வாங்கிவிட்டதால் இரண்டு தொன் தூக்கலாம் என்று ஆகிவிடாது. பீம், ட்ரொலி, செயின் புளொக், கொக்கி, கட்டும் பட்டி இவற்றில் எது குறைவோ அதுதான் முழு ஏற்பாட்டின் பலம். கட்டும் விதத்திலும் பலம் கரையும். இரண்டு பட்டிகளை அகல விரித்து, நடுவே 120 பாகைக் கோணம் வருமாறு கட்டினால், ஒவ்வொரு பட்டியிலும் பாதிச் சுமைக்குப் பதிலாக முழுச் சுமையும் ஏறும். தலைக்கு மேல் இடம் குறைந்த ஸ்டோர்களில் ட்ரொலியும் புளொக்கும் ஒன்றாகச் சேர்ந்த குட்டை மாதிரியைக் கேட்டு வாங்கலாம். தனித்தனியாகத் தொங்கவிட்டால் உயரம் பாதி அதிலேயே போய்விடும். சக்கரம் முறிந்தாலும் ட்ரொலி பீமிலிருந்து விழாதபடி தடுக்கும் தகடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பீமின் இரு முனையிலும் போல்ட் போட்ட நிறுத்துகட்டை இல்லாமல் ஒரு நாளும் சுமை ஏற்றக் கூடாது. ட்ரொலியை மாட்டும்போது சக்கரத்தின் விளிம்புக்கும் பீமின் ஓரத்துக்கும் இடையே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி வாஷர்களைச் சரிசெய்ய வேண்டும். பலரும் அவசரத்தில் தவறுவது இந்த வாஷர்களில்தான்: ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் ஒன்று என்று போட்டுவிட்டால் கொக்கி நடுவில் தொங்காது.

கைச்சங்கிலிக்கு எதிரான வாதங்களில் எனக்கு மிகப் பலமாகத் தெரிவது, அது தொங்குகிறது என்பதே. றோலர் அறையில் ஜக்கட்டுகள் சுழன்றுகொண்டிருக்கும், பெல்ட்டுகள் ஓடும். மேலே ஓய்வாக நிற்கும் ட்ரொலியின் சங்கிலி காற்றில் ஆடி ஒரு கிராங்கில் மாட்டினால், கண்மூடித் திறக்கும் முன் எல்லாம் சுருட்டி இழுக்கப்படும். இந்த ஆபத்து உண்மையானது. அதற்கு மருந்தும் உண்டு: ட்ரொலி வேலையில் இல்லாத நேரத்தில் பீமின் ஓரத்தில், இயந்திரங்களுக்கு வெளியே நிற்க வேண்டும், சங்கிலியைச் சுவரில் ஒரு கொக்கியில் கட்டி வைக்க வேண்டும். அப்படி நிறுத்த இடமில்லாத பீம் என்றால் வேலை முடிந்ததும் ட்ரொலியையே இறக்கிவிட வேண்டும். இன்னொரு குழப்பமும் உண்டு. உயர்த்தும் சங்கிலியும் நகர்த்தும் சங்கிலியும் அருகருகே தொங்கும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நகர்த்த நினைத்து இறக்கிவிடுவது எளிதில் நேரக்கூடிய தவறு. ஒன்றுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டால் ஒரு டின்னின் செலவில் அது தீர்ந்துவிடும். ட்ரொலியிலிருந்து கிறீஸ் சொட்டித் தேயிலையில் விழும் என்பதும் சொல்லப்படுகிறது. ஏற்றுமதித் தேயிலையில் ஒரு சொட்டுக் கறையும் பெரிய விஷயம். உணவுத் தொழிற்சாலைக்கான கிறீஸும், அடியில் ஒரு தகரத் தட்டும், தூக்கும் நாளில் கீழே உள்ள தேயிலையை மூடுவதும் போதுமானவை.

கிறீஸைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். செயின் புளொக்கை உயர்த்தும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். அது உள்ளே உள்ள பூட்டு ஒவ்வொரு பல்லாக விழும் சத்தம். அதற்குப் பக்கத்தில் உராய்வுத் தட்டுகள் சுமையைப் பிடித்து நிறுத்துகின்றன. நல்லெண்ணத்தில் அந்தத் தட்டுகளுக்கு எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. எண்ணெய் பட்ட தட்டு பிடிக்காது, சுமை வழுக்கும். சுமைச் சங்கிலிக்கு மெல்லிய எண்ணெய் வேண்டும், பிரேக்குக்கு ஒரு சொட்டும் கூடாது. அதேபோல் வாசலில் இறக்கிய இயந்திரத்தை, பீமுக்கு நேர் கீழே இல்லாதபோதும், சங்கிலியைச் சரித்து இழுத்து உள்ளே கொண்டுவரும் பழக்கம் நிற்க வேண்டும். சரிந்த இழுவை ட்ரொலியின் ஒரு பக்கச் சக்கரங்களை விளிம்பிலிருந்து எழுப்பிவிடும். தரையில் உருளைக் குழாய் போட்டு நேர் கீழே கொண்டுவந்த பிறகே கொக்கி மாட்ட வேண்டும்.

பணம் எங்கே என்ற கேள்வி கடைசியாக வரும். நிர்வாகங்களைப் பொறுத்தவரை அதுவே முதலாவது. 1970களில் அரசுடைமையாகி, 1992இல் பிராந்தியக் கம்பனிகளின் கைக்கு மாறிய தோட்டங்களில் இயந்திரப் பராமரிப்புக்கு ஒதுக்கும் தொகை எப்போதும் இழுபறிதான். பல ஸ்டோர்கள் மூடப்பட்டு, கொழுந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறது. ஆனால் அதுவே என் வாதத்துக்குப் பலம் சேர்க்கிறது. நாலு தோட்டத்துக் கொழுந்தை ஒரே ஸ்டோர் அரைக்கும்போது, அங்கே ஒரு றோலர் ஒரு நாள் கூடுதலாக நின்றால் நட்டம் நாலு தோட்டத்துக்கு. கியர் ட்ரொலிக்கும் தள்ளு ட்ரொலிக்கும் விலையில் உள்ள வித்தியாசம் அந்த ஒரு நாளின் முன்னால் நிற்காது. மூடிய ஸ்டோர்களில் துருப்பிடிக்கும் பீம்களிலிருந்து நல்லவற்றைத் தேர்ந்து, பொறியியலாளரின் சோதனைக்குப் பின் பயன்படுத்தலாம். ஆனால் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும், தொன் அளவு பொறிக்காத, சோதனைச் சான்றிதழ் இல்லாத ட்ரொலியை வாங்கிப் பணம் மிச்சம் பிடிக்க வேண்டாம். எவ்வளவு தாங்கும் என்று தெரியாத கொக்கியின் கீழே ஒருவரை வேலை செய்யச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

சட்டமும் இதையே கேட்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தூக்கும் சங்கிலிகளும் கருவிகளும் நல்ல நிலையில் இருக்க வேண்டும், காலத்துக்குக் காலம் தகுதியானவரால் சோதிக்கப்பட வேண்டும் என்கிறது. தேயிலை ஸ்டோரும் தொழிற்சாலைதான். தொழில் திணைக்களத்தின் பாதுகாப்புப் பொறியியலாளர்களின் கண்காணிப்புக்குள் அது வர வேண்டும். 2009இல் சட்டம் மூலம் அமைந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார தேசிய நிறுவனம் பயிற்சிகள் நடத்துகிறது. அந்தப் பயிற்சி டயகமவுக்கும் அக்கரப்பத்தனைக்கும் தமிழில் வர வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்டால் என்ன? சம்பளத்தைப் பற்றிப் பேசும் மேசையில், ஸ்டோரில் தூக்கும் கருவிகளின் சோதனைப் பதிவேட்டையும் காட்டும்படி கேட்கலாம். கருவியோடு வரும் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. அது ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரின் அலமாரியில் இருக்கிறது. சங்கிலி இழுப்பவர் அதைப் பார்த்ததில்லை. பீமில் அதன் தாங்கு எடையைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதலாம். சங்கிலியின் கண்ணி பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலோ, கொக்கியின் வாய் விரிந்தாலோ வேலையை நிறுத்தலாம் என்ற அதிகாரத்தை, இழுக்கும் தொழிலாளிக்கே எழுத்தில் கொடுக்கலாம். அதற்கு நிர்வாகத்தின் ஒரு கடிதமும், கண்ணியை அளக்க ஒரு வேர்ணியர் அளவியும் போதும்.